காப்புக் கட்டும் நாளில் நான் ஊரில் இல்லை

திருநகர், மதுரை
வைகாசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக் கடிதம் எழுதப் பழகிவிட்ட உங்கள் ஒச்சம்மாள் எழுதுவது. உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. உங்களைப் போலவே ஓயாமல் கத்துகிறது, வேலை ஒன்றும் பார்ப்பதில்லை. சிரித்தீர்களா? சிரித்திருந்தால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். இனி சொல்லப்போவது சிரிக்கிற சேதி இல்லை.

நம் அழகுபாண்டி கப்பல் ஏறப் பார்க்கிறான். நாகப்பட்டினத்தில் காலையில் ஏறினால் மத்தியானம் நீங்கள் இருக்கிற யாழ்ப்பாணக் கரையாம். மூன்று நாள், கடற்கரை ஓரமாக ரூம், நல்லூர் கோயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் கொடைக்கானல் போய்வருகிற காசுகூட ஆகாதாம். போனில் படம் காட்டினான். நீலத் தண்ணீரும் பனைமரமுமாக அழகாகத்தான் இருந்தது. "ஊரச் சுத்துன மாதிரியும் ஆச்சு, அப்பாவப் பாத்த மாதிரியும் ஆச்சும்மா" என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இம்புட்டு மலிவாகக் கூட்டிப்போகிற புண்ணியவான் யாரடா என்று கேட்டேன். சூரியபிரகாஷ் அண்ணன் என்றான்.

மாமா, உங்களை அனுப்பிவைத்ததும் இதே ஆள்தானே!

மறுநாள் அந்த ஆளே வீட்டுக்கு வந்தான். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. உங்களை அனுப்பும்போது உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். "போறப்ப ஒரு சின்னப் பை மட்டும் தம்பி. அங்க ஒரு நோயாளிக்கு மாத்திரை. எறங்குனதும் ஆள் வந்து வாங்கிக்கிருவாங்க" என்கிறான். உங்களிடம் சொன்னதும் இதுவேதான், ஒரு சொல்கூட மாறவில்லை. நீங்கள் இறங்கியதும் வந்து பையை வாங்கிக்கொண்டது எந்த உடுப்புப் போட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? காப்பி என் கையில் கொட்டிவிட்டது. கொட்டியதை அவன் பார்த்துவிட்டான். "அக்காவுக்குக் கை நடுங்குது, சுகர் பாருங்கக்கா" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி நின்றாலும் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறேன்.

அவன் போனதும் பையனிடம் சண்டை போட்டேன். "அப்பா ஏமாளிம்மா, பையத் தொறந்தே பாக்கல. நான் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்கிறான். மாத்திரையைப் பிரித்துப் பார்த்தால் அது காய்ச்சலுக்கா போதைக்கா என்று இவனுக்குத் தெரிந்துவிடுமா? போலீசில் சொல்லலாம் என்றால் கால் எழவில்லை. அந்த ஆளுக்கு நம் வீடும் தெரியும், பையன் வாடிப்பட்டிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸும் தெரியும். போதாததற்கு, போன மாதம் போனில் பேசும்போது, "ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போடா" என்று நீங்கள் அழுதுவிட்டீர்கள். அதற்குப் பிறகு என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

அதனால் ஒரு கள்ளத்தனம் செய்தேன். நம்மூர் காளியம்மன் பொங்கலுக்கு, அப்பா விடுதலையாகி வருவதற்காக நீ தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துவிட்டேன் என்றேன். உங்கள் பேரைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை. இன்று காலையில் பூசாரி அவன் கையில் காப்புக் கட்டிவிட்டார். இனி பொங்கல் முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்க முடியாது. மீறவும் மாட்டான். சின்னப் பிள்ளையில் காப்புக் கட்டிய கையோடு முட்டைப் புரோட்டா தின்றுவிட்டு, மறுநாள் பூராவும் சொம்பும் கையுமாக அலைந்தானே! அன்றிலிருந்து அம்மனிடம் அவன் விளையாடுவதில்லை.

ஆனால் சூரியபிரகாஷ் அசரவில்லை. "சாமி காரியம், முடிச்சுட்டே வரட்டும்க்கா, டிக்கெட்ட மாத்திப் போட்டாச்சு" என்று போனில் சொல்கிறான். காப்பு அவிழ்த்த மறுநாளே கப்பலாம்.

அதற்கு முன்னால் நான் வருகிறேன், மாமா.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்களுக்குத்தானே கட்டுப்பாடு? நேற்றுச் சாயங்காலமே, தங்கச்சி இருளாயிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். இடுப்புப் பிடித்தவள் எனக்கு முன்னால் குத்துக்கால் போட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைகிறாள். "காப்புக் கட்டுற அன்னிக்கு ஊர்ல இல்லாம எங்கம்மா போன?" என்று பையன் போனில் கத்தினான். சித்திக்கு முடியலடா என்று முனகினேன். அவளும் பக்கத்தில் இருந்து முனகினாள்.

நீங்கள் போனில் அழுத மறுநாளே, நானாவது வந்து பார்க்கலாம் என்று எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர், ஆடு காணாமல் போன விஷயமாக வந்தார் என்று தெருவில் சொல்லிவைத்தேன். தெருவே தேடுகிறது. நம்மிடம் ஆடே கிடையாது என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது, உங்கள் வக்கீலம்மா உங்களைப் பார்க்க எனக்கு அனுமதியும் வாங்கிவிட்டார். நாளைக்கு நாகப்பட்டினம் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

வைகை அணையை எட்டிப் பார்த்ததற்கே தலைசுற்றி உங்கள் மேல் விழுந்தவள் நான். கடலை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தண்ணீரைவிடப் பைதான் பெரிய பயமாக இருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் தொட மாட்டேன். அக்கா, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க என்று யாராவது நீட்டினாலும் கையைக் கட்டிக்கொள்வேன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில் இரண்டு சேலை, ஒரு பல்பொடி, அவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்த அதிரசம்கூடக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து நிற்கிறாளே என்று நினைக்காதீர்கள். ஜெயில் ஐயாவும் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆளின் பேரையும் அதற்காகத்தான் முழுசாக எழுதியிருக்கிறேன். ஊரில் வாய் திறக்கப் பயந்தவள், ஐயா கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன்.

என்னைப் பார்த்ததும் அழுது நேரத்தை வீணாக்காதீர்கள். ஐயா அனுமதித்தால், உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். வரவேண்டாம் என்றும், அந்தப் பையைத் தொடவேண்டாம் என்றும் எழுதுங்கள். வாடா என்று கூப்பிட்டது நீங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் நிற்பான். காப்பு அவிழ்க்கும் முன்னால் அதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிடுவேன். கப்பல் ஏதும் முன்னேபின்னே ஆகாமல் காளியம்மன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு எதையும் நான் நினைக்கப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் காப்புக் கட்டுகிற அன்றைக்கு நீங்கள் ஊருக்குள் இருக்கவேண்டும், மாமா. மந்தைவெளியில் சும்மா நின்றால்கூடப் போதும். அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் நீங்கள் எங்கேயும் போகமுடியாது.

கையைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறப்போகும்,
உங்கள் ஒச்சம்மாள்