நீ பிரித்துக் கொடுத்த சட்டை

அக்கா,

நேற்று மத்தியானம் முதலாளி கடையில் ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். நுவரெலியா கடைவீதியில் அவருடைய துணிக்கடைப் பின்கட்டில்தான் இப்போது நான் தையல் மிஷின் மிதிக்கிறேன். உனக்கு இது தெரியாது, நீ போன பிறகு வந்த பிழைப்பு. பெட்டிக்குள் கம்பளி நூல். வெள்ளை, ரோஸ், நீலம் என்று கண்டு கண்டாக அடுக்கி, இடையில் அந்துருண்டை போட்டிருந்தார்கள். மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது பார். பின்பக்கம் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரமாய் நின்று, தின்ற ரொட்டி அத்தனையும் வாந்தியெடுத்தேன்.

“என்னம்மா, ஒடம்புக்கு ஆகலையா?” என்றார் முதலாளி. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்ததும், “வெள்ளக்காரவுங்க வீட்ல இருந்தவதானே நீ, பின்னத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க,” என்றேன்.

பச்சைப் பொய். இரண்டு ஊசியும் ஒரு கண்டு நூலும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் பின்னுவேன். ஆனால் அந்தச் சனியனை இனிக் கையால் தொடுவேனா? செத்துப்போனவளுக்கு உட்கார்ந்து மடல் எழுதுகிறாளே, கிறுக்கா பிடித்திருக்கிறது என்று நீ சிரிப்பாய். உயிரோடு இருந்தாலும் உனக்கு வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இறம்பொடைக்கு மேலே நம் தோட்டத்துப் பங்களாவில் நாம் இரண்டு பேரும் வேலைக்கு இருந்தோமே, அந்த வருஷம் தை மாசம். நான் துணி தைக்கவும் இஸ்திரி போடவும் இருந்தேன். நீ வீடு கூட்டித் துடைக்க வந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்காது. பவளம் உனக்குக் கைக்குழந்தை. காலையில் அவளைப் பிள்ளைக்காம்பராவில், மலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த அறையில் விட்டுவிட்டுத்தான் பங்களாவுக்கு ஏறி வருவாய். அப்போதுதான் துரைசாணியின் அக்காக்காரி சீமையிலிருந்து வந்து இறங்கினாள். நாம் அவளுக்குச் சீமையம்மா என்று பேர் வைத்தோம். ஒரு மாசம் இருந்தாள். அந்த ஒரு மாசமும் பின்னல், ஊர் சுற்றல், தேயிலை ரோட்டில் உலாத்தல், இவ்வளவுதான் அவளுக்கு வேலை.

வந்த மூன்றாம் நாள் அவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துப் போனார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் அப்படியே பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். ஐயோ, அந்தப் பிள்ளைகள் குளிரில் நடுங்குகின்றன, நாம் எல்லாருக்கும் சட்டை பின்னிப் போடவேண்டும் என்றாள். துரைசாணி நம்மைக் கூப்பிட்டு அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். “எல்லா புள்ளைக்கும் சட்டை. நீங்க ரெண்டு பேரும் பின்னு. உன் புள்ளைக்கும் இருக்கு.”

கடைசியாகச் சொன்னதை மட்டும் நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். சமையல்கட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து உலுக்கினாய். “பவளத்துக்கும் உண்டாம் புள்ள! கேட்டியா?” லயத்து ஒற்றை அறையில் உங்கள் மூன்று பேருக்கும் ஒரே கம்பளி. அதை உன் வீட்டுக்காரர் இழுத்தால் பிள்ளை வெளியே, நீ இழுத்தால் அவர் வெளியே என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். விடிகாலையில் பவளத்தின் கால் ஐஸ் மாதிரி கிடக்கும், வாயில் வைத்து ஊதிச் சூடேற்றுவேன் என்பாய். உனக்கு அந்தச் சட்டை விளையாட்டுச் சாமான் இல்லை.

பின்னல் எனக்கு வர ஒரு வாரம் பிடித்தது. நீ இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாய். நான் கண்ணியைத் தவறவிட்டுத் தவறவிட்டு அழுதபோது, “கொழுந்து கிள்ளுன கைக்கு இது ஒரு வேலையா? ரெண்டு குச்சி, ஒரு நூலு!” என்று என் தலையில் குட்டினாய். சீமையம்மா ஒன்று முடிப்பதற்குள் நீ மூன்று முடிப்பாய். உன் பின்னலில் விரல் நுழையாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்த அம்மா என்னென்னவோ புகழ்வாள். புகழ்ந்துவிட்டு உன் கை பட்ட இடத்தை முகர்ந்து பார்ப்பாள். தூ!

காலையில் அவர்கள் இரண்டு பேரும் மணிக்கட்டில் நூல்பையை மாட்டிக்கொண்டு மலைரோட்டில் உலாத்தப் போவார்கள். பின்னாலே கூடையைத் தூக்கிக்கொண்டு நாம். எதிரே கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி வழிவிடுவார்கள். துரைசாணிமார் தாண்டிப் போனதும் ஒருத்தி குரல் கொடுப்பாள். “ஏய், பங்களாக்காரி! குளிருக்கு எனக்கும் ஒண்ணு பின்னுடி!” நீ திரும்பி, “ஒம் புள்ளைக்குத்தான்டி பின்னுறேன், வாய மூடிக்கிட்டுப் போ!” என்பாய். அந்த மாசம் முழுக்க லயத்துப் பெண்களிடம் இதே பேச்சுத்தான் உனக்கு. யார் பிள்ளைக்கு எந்தக் கலர் என்றுகூடப் பிரித்து வைத்திருந்தாய்.

இறம்பொடை அருவிக்குக் காரில் போனோமே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது. காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நீ. அருவியைப் பார்த்தபடி பாறையில் விரிப்பைப் போட்டு அவர்கள் இரண்டு பேரும் கேக் தின்றார்கள், பின்னினார்கள், படம் வரைந்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. உனக்குப் பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, சேலையும் நனைந்துவிட்டது. நீ மாராப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பின்னிக்கொண்டே இருந்தாய். சீமையம்மாவுக்கு வாடை அடித்துவிட்டது. நுனிமூக்கைச் சுளித்துத் தங்கச்சிக்காரியிடம் ஏதோ சொன்னாள். துரைசாணி என்னிடம், “அது அந்தாண்ட போய் ஒக்காரச் சொல்லு, காத்துக்கு அந்தப் பக்கம்,” என்றாள். அதுவாம்! நான் உன்னிடம், “அக்கா, நெழலா இருக்கு, அங்கிட்டுப் போயி ஒக்காந்துக்க,” என்றேன். நீ நம்பிப் போனாய். போய் அந்தப் புதர் மறைவில் பாலைப் பீய்ச்சிப் பாறையில் விட்டாய். அதே நேரம் பிள்ளைக்காம்பராவில் பவளம் சீனித்தண்ணியைச் சப்பிக்கொண்டு கிடந்திருப்பாள். பிள்ளைகளுக்கு இரங்கிப் பின்னுகிறார்களாம், பிள்ளைகளுக்கு!

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதை நீ சாகும்வரை உன்னிடம் சொல்லவில்லை.

உடப்புசல்லாவைப் பக்கம் இன்னொரு பங்களாவுக்குத் தேத்தண்ணிக்குப் போனார்களே, நீ சமையல்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாய். நான் தோட்டத்தில் தட்டு நீட்டிக்கொண்டிருந்தேன். நாலைந்து வெள்ளைக்காரிகள். நீ பவளத்துக்கென்று பின்னிய நீலக்கரைச் சட்டை கைமாறிக் கைமாறிப் போனது. யார் பின்னியது என்று ஒருத்தி கேட்க, தன் அக்காதான் என்றாள் துரைசாணி. சீமையம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. பிறகு சொன்னாள், எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுபோய் அவர்கள் கோயில் மண்டபத்தில் காட்சிக்கு வைத்து, தர்மத்துக்கு விற்கப்போகிறார்களாம். போவதற்கு முன் பிள்ளைகளுக்குப் போட்டு ஒரு போட்டோ மட்டும் எடுக்கவேண்டுமாம்.

தைத்துத் தைத்து எனக்கு அவர்கள் பாஷை அந்தளவுக்குக் காதில் ஏறியிருந்தது, அக்கா. எல்லாம் விளங்கியது. கார் திரும்பி வரும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, பவளத்தின் சட்டைக்குக் கழுத்தில் நூலாலே மூன்று மொட்டு வைக்கலாமா என்று கேட்டாய். வையக்கா என்றேன். சொல்லியிருந்தால் நீ ஊசியை வீசியிருப்பாய். நீ வீசினால் என்னைக் கேட்பார்கள். என் வேலை போய்விடும், நானும் விடிகாலையில் மலைவேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு. சீ, என்ன பிறவி நான்!

போட்டோ எடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தாய்மார் எல்லாரும் குளித்துப் பூ வைத்துப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கறுப்புத்துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோக்காரன் நின்றான். சட்டையும் குல்லாவும் போட்டுப் பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்தோம். தாய்மார் படத்தில் விழக்கூடாது என்று தள்ளி நிறுத்தினார்கள். பவளம் நீலக்கரைச் சட்டையில் ராசாத்தி மாதிரி இருந்தாள். நீ என் முதுகில் கிள்ளி, “பாரு புள்ள, பாரு,” என்றுகொண்டே இருந்தாய்.

படம் எடுத்து முடிந்தது. துரைசாணி என்னிடம் ஒரு கூடையைக் கொடுத்தாள். “எல்லாம் கழட்டு. சீமைக்குப் போகணும்.”

தாய்மார் ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினார்கள். பிள்ளைகள்தான் கத்தின. நான் ஒவ்வொருத்தியிடமாகப் போய்க் கூடையை நீட்டினேன். கடைசியில் உன்னிடம் வந்தேன்.

“எம் புள்ளைக்குன்னு சொன்னாங்கள்ல?” என்றாய்.

“குடுக்கா. பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

நான் கூடைக்குள் கிடந்த சட்டைகளை மடிக்கத் தொடங்கினேன். அதற்குள் துரைசாணி கிட்டே வந்துவிட்டாள். “என்னா? குடு. அந்த நூல் என்னோடது,” என்றாள்.

நீ அவளை ஒரு பார்வை பார்த்தாய். படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, பிள்ளையை முந்தானைக்குள் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாய். முதலில் இரண்டு கையையும் தையல் பிரித்துத் தனியாக எடுத்தாய். பிறகு கழுத்துப் பக்கம் முடிச்சைத் தேடிப் பல்லால் கடித்து, நூலைப் பிடித்து இழுத்தாய். வரிசை வரிசையாகச் சட்டை கரைந்தது. மொட்டு மூன்றும் போயிற்று, நீலக்கரை போயிற்று. அவசரமே படாமல் இழுக்கிறாய், சுற்றுகிறாய், இழுக்கிறாய், சுற்றுகிறாய். துரைசாணி முகம் சிவந்து நின்றாள். போட்டோக்காரன்கூடப் பெட்டியைக் கட்டாமல் நின்றான். கடைசிக் கண்ணி அவிழ்ந்ததும் அந்த நூலுருண்டையை என் பக்கம் நீட்டினாய்.

“நூலு அவுங்களுதுதான். குடுத்துரு.”

பவளம் சட்டைக்குள்ளேயே மூத்திரம் போயிருந்தாள். உருண்டை ஈரமாய், நெடியாய் இருந்தது. அதை நான் இரண்டு விரலால் தூக்கினேன், அக்கா. தூக்கி, சீமையம்மாவைப் பார்த்து, அவள் சுளிக்கிற மாதிரியே நுனிமூக்கைச் சுளித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரைசாணியும் சிரித்தாள். கோபம் அத்தோடு கலைந்தது. அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் செய்தேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். துரைசாணியைப் பார்த்த மாதிரி இல்லை அது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து லயத்துக்கு இறங்கிப் போய்விட்டாய்.

மறுநாள் காலையிலிருந்து உனக்குப் பெரட்டு, மலைவேலை. எனக்குப் பங்களா. சட்டம் போட்ட அந்தப் படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். அதில் பவளம் சட்டையோடு உட்கார்ந்திருப்பாள். நான்தான் தினமும் தூசு தட்டினேன். வழியில் பார்த்தால் நீ பேசுவாய், பேசாமல் இல்லை. “சாப்டியா புள்ள?” என்பாய். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. என் வீட்டுத் தண்ணியை ஒரு வாய் வாங்கிக் குடிக்கவில்லை.

போன ஆவணியில் நீ காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை என்று கேள்விப்பட்டு நான் லயத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் மலைக்குப் போயிருந்தார். மூலையில் பவளம் தனியாய் உட்கார்ந்து கொட்டாங்கச்சியை உருட்டிக்கொண்டிருந்தாள். நீ சாக்கில் கிடந்தாய். எத்தனை நாள் துணியோ! நான் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தேன்.

“தள்ளி நில்லு புள்ள,” என்றாய். “நாறும்.”

குத்திக்காட்டிச் சொன்னாயா, நிசமாகவே என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னாயா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. “ஒண்ணும் நாறலக்கா,” என்றேன். உன் துணியை உருவி எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய், கொட்டுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாய்க் கசக்கினேன். திரும்பி வந்து உன்னைத் துடைத்தேன். முதுகுப் புண்ணையும் துடைத்தேன். எனக்குக் குமட்டவே இல்லை. சத்தியமாய் இல்லை. அதை நீ பார்க்கவேண்டும் என்று உன் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றேன். “அக்கா, ஒரு தடவ என் மூஞ்சியப் பாரு,” என்று கேட்டும்விட்டேன்.

“புள்ள பசியா இருப்பா. அடுப்புப் பக்கம் ரொட்டி இருக்கான்னு பாரு,” என்றாய். கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. நீ பார்க்காமல் போன அந்த முகத்தைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அக்கா.