என் சமையலும் அவள் கணக்கும்

அன்பு மிகுந்த உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். கப்பலில் உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் உண்டா? இதைப் படித்துப் பதற வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. விசாரித்ததில் முப்பது பேர் கேன்டீனில் சாப்பிட்டவர்கள். அவ்வளவுதான், அங்கே சமைக்கிற என் மேல்தான் எல்லார் கண்ணும். தலைமையாசிரியர் சமையலறையைப் பூட்டிவிட்டு, "விசாரணை முடியுற வரைக்கும் வீட்டுல இருங்கம்மா" என்றார். கூடவே வேலை செய்கிறவர்கள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அன்றைய சமையலை மனசுக்குள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். எண்ணெயா, பாத்திரமா, இல்லை என் கைதானா?

நம் வாலு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், "காயை எந்தத் தண்ணியில கழுவின? நல்லா வெந்துச்சா?" என்று போலீஸ் மாதிரிக் குடைகிறாள். பெத்தவளையே சந்தேகப்படுறியாடி என்று கத்திவிட்டேன். "உன்னாலதான்னு தெரிஞ்சா அதையும் சொல்லிடுவேன்மா. அப்பத்தானே உன்னால இல்லைன்னு சொன்னா நம்புவாங்க" என்றாள். உங்கள் மகளேதான். அன்று அவளோடு நான் பேசவில்லை.

மறுநாள் அவளும் அவளோடு படிக்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் அறிவியல் டீச்சரிடம் சொல்லிவிட்டு, பள்ளி முழுக்க விசாரித்தார்கள். படுத்தவர்களை மட்டுமல்ல, நன்றாக இருந்தவர்களையும் கேட்டார்களாம். அதுதான் முக்கியமாம். எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். கேன்டீனில் சாப்பிடுகிற முந்நூறு பேரில் முப்பது பேர் படுத்தார்கள், பத்தில் ஒருவர். வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிற நூறு பேரில் பத்துப் பேர், அதுவும் பத்தில் ஒருவர். "சாப்பாடுதான் காரணம்னா ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா வரும்?" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்புறம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள். விளையாட்டுத் திடல் குழாயில் குடித்தவர்களில் பாதிக்கு மேல் படுத்திருக்கிறார்கள். மற்றவர்களில் விரல்விட்டு எண்ணலாம். தலைமையாசிரியர் தயங்கினாராம். "எங்களை நம்ப வேணாம் சார், தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க. எங்கம்மா சமையலறைத் தண்ணியையும் சேர்த்துதான்" என்றாளாம் இவள்.

சோதித்ததில் சமையலறைத் தண்ணீர் சுத்தம். திடல் குழாயில்தான் சாக்கடை கலந்திருந்தது. தோண்டிப் பார்த்தால் பூமிக்குள் குழாய் விரிசல். தலைமையாசிரியர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் தேறிவிட்டார்கள். இன்று வேலைக்குப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்ட வேகத்தில் அண்டா காலி!

வாலுவுக்குப் பெருமையாக நாலு வரி எழுதிப் போடுங்கள். நான் பாராட்டினால், "கணக்கு அப்படி வந்துச்சு, நான் என்ன செய்யட்டும்" என்கிறாள். ஆனால் தலைமையாசிரியர் போனதும் என் மடியில் படுத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். கணக்கு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, நான் கேட்கவில்லை.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று: இனிமேல் போனில் நான் "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால், உடனே வைத்துவிடாமல் இன்னொரு தடவை கேளுங்கள்.

என்றும் உங்கள்,
மனைவி