மூப்பர்கள் கூடும்வரை

1996 ஜூலை 9, செவ்வாய்

கர்த்தரே, இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னியும்.

வெள்ளிக்கிழமை குழந்தைக்கு இருதய ஆபரேஷன். அதற்கு முன் ஞானஸ்நானம் கொடுக்கும்படி போதகரிடம் கேட்டோம். அவர் அமெரிக்கர், நல்ல மனிதர். பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் தனியே முடிவெடுக்க முடியாதாம், மூப்பர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டுமாம். அதிகாரம் ஒரே ஆளின் கையில் இருக்கக்கூடாது என்றுதான் அமெரிக்காவிலும் இந்தச் சபை தொடக்கத்திலிருந்தே பிஷப் வைக்கவில்லையாம். மூப்பர்கள் கூடுவது அடுத்த வாரம் புதன், ஆபரேஷனுக்குப் பிறகு. அதற்கு முன்னமே ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுப் போன் எடுப்பதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் இவர், "எங்கட ஊர்ப் பிஷப் எண்டு நினைச்சுக் கேட்டியே? இஞ்ச ஒரு கை தண்ணிக்கும் வோட்டு வேணுமப்பா" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரிக்கவில்லை.

போன் இன்னும் வரவில்லை. நீர் ஒருவரையும் கேட்கத் தேவையில்லையே, கர்த்தரே. கெதியாய்ப் பதில் தாரும்.