ஏழு உனக்கு, இரண்டு அவளுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இன்றைக்குக் கேட்கப் போவதில்லை, நீ நன்றாகத்தான் இருப்பாய், உன்னை நன்றாக வைத்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள். மருமகள் எப்படி இருக்கிறாள்? இதை அவளிடம் போய்க் கேட்காதே, அவள் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வாள், நீயே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். போனில் பேசாமல் ஏன் காகிதத்தை எடுத்தேன் என்றால், நான் குரலை உயர்த்தினாலே நீ "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் வந்திருச்சு" என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. கடைசி வரி வரைக்கும் படி.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் குடும்பக் குரூப்பில் நீ ஒரு படம் போட்டாயே, அதைப் பற்றித்தான். வெள்ளைத் தட்டு, அதில் கிண்ணம் கிண்ணமாக லெட்டூஸ் இலை, ஒவ்வொரு இலைக்குள்ளும் வறுத்த மாட்டுக் கொத்துக்கறி, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். கீழே நீ எழுதியிருந்தாய், "எங்க வீட்ல இன்னிக்கு விருந்து. ஆடு திங்கற இலைக்குள்ள மாட்டை வச்சுக் குடுத்திருக்காங்க. ரெண்டுல நான் எதுன்னு நீங்களே சொல்லுங்க." உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்பு வந்தது. உன் அப்பா கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் முகத்தை ஒன்றல்ல, ஐந்து போட்டார். பெரியம்மா "ஐயோ என் தங்கமே, இளைச்சுப் போயிட்டியே" என்று எழுதினாள், வீடியோ காலில் உன் கன்னம் திரையை விட்டு வெளியே வருகிறது, அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. இவர்களோடு போயிருந்தால் பரவாயில்லை. நானும் எழுதினேன். "இதுக்குத்தான் சமைக்கத் தெரிஞ்ச பொண்ணாப் பாப்போம்னு அன்னிக்கே சொன்னேன்." எழுதிவிட்டு, அவளும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வராமல், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நிம்மதியாகத் துணி மடிக்கப் போனேன். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அதில் பாதி என் மேல் இருக்கிறது, ஆனால் என்னை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தக் கடிதம் உனக்கு.

மறுநாள் காலையில் பார்த்தால் அவள் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்றார் அப்பா. நான் நம்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்றாவதுக்கு எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், அவள் வேலை பார்க்கும் பல் செய்யும் லேபின் பின்பக்கம், அச்சு எடுக்கிற மாவு மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று பேசினாள், உள்ளே பொய்ப்பல்லைத் தேய்க்கிற மெஷின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. "நான் கோவிச்சுக்கல அத்தை, எனக்குக் கொஞ்சம் தலைவலி, அதான்" என்றாள். தலைவலி வந்தவள் மாத்திரை போடுவாளா, குரூப்பை விட்டுப் போவாளா? நானும் விடவில்லை. அன்றைக்கு நீ சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டேன். சாப்பிட்டேன் அத்தை, ரெண்டு, என்றாள். ஏன் ரெண்டு என்றேன். "மொத்தம் ஒம்பதுதான் வந்துச்சு. அவருக்குப் பிடிச்சிருந்துச்சு போல, ஏழு சாப்பிட்டாரு" என்றாள், அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்ன பெருமை வேறு. ஏழு! இடது கையால் எங்களுக்குக் கிண்டலைத் தட்டிக்கொண்டே வலது கையால் ஏழு உள்ளே தள்ளியிருக்கிறாய். அப்புறம் அவளாகவே சொன்னாள், "அவர் போனை எடுத்ததும் தட்டு அழகா இருக்குன்னுதான் படம் எடுக்கறார்னு நெனச்சேன் அத்தை. வெளிச்சம் நல்லா விழட்டும்னு நான்தான் தட்டைக் கொஞ்சம் திருப்பி வச்சேன்."

கேட்டாயா மகனே. உன் கிண்டலுக்கு அவள் தன் கையாலேயே தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கோள் சொன்னாள் என்று நினைத்தாயோ, நான் ஊர் தாண்டி வந்து உன் காதைத் திருகுவேன். ஒவ்வொரு வார்த்தையையும் நான்தான் அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். "என்னை மன்னிச்சிரும்மா, நான் எழுதினது தப்பு" என்றேன், "ஐயோ அத்தை, நீங்க போய்" என்று பதறினாள், அதற்குள் உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வைப்பதற்கு முன் அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கேலி செய்கிறேனோ என்று ஒரு நொடி தயங்கினாள், பிறகு சொன்னாள், காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியம்மாவைச் சாப்பிட வரச் சொன்னேன். என்ன செய்கிறேன் என்று சொல்லவில்லை. மருமகள் இதை இருபது நிமிடத்தில் செய்கிறாள், எனக்கு ஐம்பத்தைந்து ஆனது. நாற்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவள் நான், பூண்டைக் கருக விட்டேன், இலையைத் துடைக்காமல் வைத்து முதல் நாலு கிழிந்தது, சோயா சாஸில் உப்பு இருக்கிறது என்று அவள் சொல்லியும் கை பழக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் தொலைத்தேன். அப்படியும் உன் அப்பா ஐந்து சாப்பிட்டார். பெரியம்மா நாலாவதை முடித்து விரலை நக்கிக்கொண்டு, "நல்லாத்தான்டி இருக்கு, இன்னும் இருக்கா?" என்றாள். அப்போதுதான் சொன்னேன், "இதுதான் அக்கா, ஆடு திங்கற இலை." பெரியம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், விரல் வாயிலேயே நின்றுவிட்டது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இஸ்திரி போட்டேன் என்பது உனக்குத் தெரியும், ஆவியில் வெந்து சுருங்கின கையோடு ஆறே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றின காலோடு அடுப்பைப் பற்றவைப்பேன், அரை மணியில் தட்டு வரும், அதைப் பார்த்துவிட்டு இவர் "இன்னிக்கும் இதேதானா?" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை. நீ அந்த மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய், காது திறந்துதானே இருந்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லியிருந்தால் நீ கொஞ்சம் வேறு மாதிரி வளர்ந்திருப்பாயோ என்னவோ. வியாழக்கிழமை பெரியம்மா போன பிறகு அப்பா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நானும் அப்படித்தான் இருந்தேனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஆமா" என்றேன். அவர் ஒரே தட்டை ரொம்ப நேரம் தேய்த்தார். இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்து வெங்காயம் உரிக்கிறார், தோலோடு பாதி வெங்காயமும் போகிறது, போகட்டும் என்று விட்டிருக்கிறேன். பெரியம்மா வெள்ளிக்கிழமை மருமகளுக்குப் போன் செய்து அரை மணி பேசியிருக்கிறாள். அதில் மன்னிப்பு என்ற சொல் வரவேயில்லை, ஆனால் இலையைக் கிழியாமல் எப்படிப் பிரிப்பது என்று மூன்று தடவை கேட்டாளாம். உன் பெரியம்மாவுக்கு அவ்வளவுதான் வரும், மருமகளுக்கும் அது புரிந்துதான் இருக்கிறது. இன்று ஆறாவது நாள். பெரியம்மா பேசிவிட்டாள், நான் பேசிவிட்டேன், அப்பா வெங்காயம் உரிக்கிறார். நீ என்ன செய்தாய்?

எனக்குத் தெரியும், நீ என்ன செய்தாய் என்று. இன்று காலையில் எனக்குப் போன் செய்து, "அம்மா, நீ ஒரு மூணு மாசம் வந்து இரேன், வாய்க்கு ருசியா சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாய். போன மாதம் இதே பேச்சை எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, பையைக் கூட எடுத்துத் தூசி தட்டினேன். இப்போது சொல்கிறேன், வரமாட்டேன். நீ கூப்பிடுவது அம்மாவை இல்லை, அடுப்புக்கு ஆள். ஒரு அடுப்படியில் இரண்டு பெண்களை நிறுத்திவிட்டு நீ நடுவில் உட்கார்ந்து யார் கை ருசி என்று மார்க் போடுவாய், அதற்கு நான் ஆளில்லை. நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறவன் நீ. அடுப்பிலிருந்து உன் நாற்காலி பதினொரு அடி, போன தடவை வந்தபோது நான் காலால் அளந்து பார்த்தேன். அவள் இரண்டு பஸ் மாறி ஆறே முக்காலுக்கு வருகிறாள், விரல் இடுக்கில் மாவு காய்ந்து ஒட்டியிருக்க வருகிறாள். ஞாயிற்றுக்கிழமையே இலையைக் கழுவித் துணியில் சுற்றி வைத்துவிடுகிறாள். வார நாளில் சூடாக ஏதாவது உன் முன்னால் வரவேண்டும் என்பதற்காகத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்ட சமையல் அது. அதற்குப் பெயர் சமைக்கத் தெரியாததா? ஐயா பசி என்று உட்கார்ந்திருந்தாயே, வெங்காயம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா?

இனி நான் சொல்வதைக் கேள். செவ்வாயும் வியாழனும் உன்னுடையது. ஆறேகாலுக்குக் கம்ப்யூட்டரை மூடு. லெட்டூஸின் அடியை வெட்டிவிட்டு அந்தப் பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டு, இலை தானாக விட்டுக்கொடுக்கும், இழுக்காதே. ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி எடு, ஈரம் இருந்தால் கறி வழுக்கி உன் சட்டையில்தான் விழும். சட்டியை நன்றாகக் காயவிட்டு அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறியைப் போட்டுப் பரப்பு, போட்ட உடனே கிண்டாதே, எல்லாவற்றிலும் அவசரப்பட்டுக் கிண்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. அது விடும் தண்ணீர் வற்றிச் சிவந்த பிறகு உதிர்த்துவிடு, கொழுப்பு மிதந்தால் வடித்துவிடு. அப்புறம் வெங்காயம், பிறகு இஞ்சி, பூண்டு, பூண்டு வாசம் வந்ததும் துருவின கேரட். மூன்று கரண்டி சோயா சாஸ், ஒரு கரண்டி வினிகர், ஒரு கரண்டி தேன், உன் காரத்துக்கு மிளகாய் விழுது, இதை முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துக்கொள். ஊற்றி இரண்டே நிமிடம். இறக்கும்போது நாலு சொட்டு நல்லெண்ணெய், வெங்காயத்தாள். உப்பு போடாதே, போட்டு நான் பட்டுவிட்டேன். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்காதே, அது உன் வீடும்தான், அலமாரியைத் திறந்து தேடு. செய்து முடித்துவிட்டு அடுப்பு மேடையைத் துடை, ஒரு வேளை சமைத்ததற்கு மாலை எதிர்பார்க்காதே. அவளுக்கு எத்தனை வேண்டுமோ அவள் எடுத்த பிறகு நீ எடு.

இன்னொன்று. அந்தப் படம் இன்னும் குரூப்பில் இருக்கிறது. அதை அழிக்காதே. அழித்துவிட்டால் நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடும், உனக்கு அது சுலபம். அதற்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற மாதிரி, எத்தனை சாப்பிட்டாய் என்று உன் கையால் எழுது. அவளை நீயாக மறுபடி குரூப்பில் சேர்க்காதே. வரத் தோன்றும்போது அவள் வரட்டும், தோன்றாவிட்டால் அதுவும் அவள் இஷ்டம்.

நிறையத் திட்டிவிட்டேன். திட்டினது ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் பசியும் வராமல் வாயடக்கமும் குறையாமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வேறு ஏதோ எழுதச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே. மடித்து உள்ளே வை. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமைக்குள் இது உன் கைக்கு வராது, அதற்கடுத்த செவ்வாய்க்கு வந்துவிடும். அன்றைக்கு அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கட்டும்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா