பருப்பு வெந்த தண்ணீர்

இன்று காலை பருப்பு வெந்துவிட்டது. குக்கர் இல்லாமல், திறந்த பாத்திரத்தில், விரலால் தொட்டாலே மசிகிற பதத்தில் வெந்தது. சமையலறை முழுக்க அந்த வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு, "வெந்துடுச்சுடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்பாய். குடமுருட்டி ஆற்றங்கரையில், போன ஆவணியில் நாம் சேர்ந்து பார்த்த அந்த இரட்டை மனை. அங்கே இருக்கிற அடிபம்பில் நேற்று ஒரு பாட்டில் பிடித்து வந்தேன்.

முப்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; உனக்கு ஆகி, நிலைக்கவில்லை. ஓய்வு பெற்றதும் தண்ணீர் ஓரமாக ஒட்டினாற்போல் இரண்டு மனை வாங்குவது, நடுவில் சுவர் வைக்காமல் இரண்டு சின்ன வீடு கட்டுவது என்பது நம் திட்டம். "யாருக்கு முதல்ல முடியாமப் போவுதோ, அவளுக்கு மத்தவ கஞ்சி காய்ச்சிக் குடுக்கணும். அதுக்குத்தான் வீடு" என்று நீ சொல்வாய். எந்த நர்ஸுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆளில்லாமல் கிடக்கும் படுக்கைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் எந்தத் தண்ணீர்? அங்கேதான் தகராறு. நான் ஆற்றங்கரையில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்துப் பெண். எனக்குக் கடல் வேண்டும். நீ தரங்கம்பாடியில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். உனக்கு ஆறு வேண்டும். அவரவர் தண்ணீரின் குணம் அவரவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனையைக் காட்டினார்கள். வாசலில் நின்றால் எதிரே கடல்தான். நான் அங்கேயே குடிவந்துவிட்டவள் மாதிரி நின்றேன். நீ கடலைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைச் சுரண்டி, துரு ஒட்டிய நகத்தை என்னிடம் காட்டினாய். "ரெண்டே வருஷம்டி. கதவுக் கீலு, கம்பி, ஃபேன் எல்லாத்தயும் காத்தே தின்னுடும்" என்றாய். பஸ்ஸில் திரும்பும்போது, கேட்காமலே இன்னொன்றும் சொன்னாய். "சுனாமிக்கு அப்புறம் எங்க வீடு இருந்த இடத்த எங்கம்மா கிணத்த வச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தத் தண்ணில பருப்பே வேவல." அன்றைக்கு நான் கடல் ஆசையை விட்டேன்.

அந்தப் பருப்புச் சோதனையும் உன் அம்மாவிடமிருந்து வந்ததுதான். பெண் கொடுப்பதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் வாங்கி வந்து பருப்பு போட்டுப் பார்ப்பார்களாம்; உப்பில்லாத நல்ல தண்ணீர் என்றால்தான் வேகும். "எனக்கும் பாத்தாங்க. பருப்பு வெந்துச்சு, மாப்ள வேவல" என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு என் முறை. கொள்ளிடத்துக்குள் இறங்கினாற்போல ஒரு படுகை நிலம். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் கோரை, காலடியில் ஆறு. நீ செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாய். நான் தலையைத் தூக்கி மரத்தைக் காட்டினேன். நம் இருவர் உயரத்துக்கும் மேலே, ஒரு கிளையில் கிழிந்த உரச்சாக்கு மாட்டிக்கொண்டிருந்தது. "அத யாரு அங்க மாட்டினாங்கன்னு நினைக்கற? வெள்ளம். இது கரைக்கு உள்ளாற இருக்கற நிலம். நமக்குப் பட்டாவும் கிடைக்காது, ஆறு கேட்டா இல்லன்னு சொல்லவும் முடியாது" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டாய்.

இப்படியே ஐந்து வருடம். ஏரிக்கரை என்றால் கொசு என்பேன் நான். அதிராம்பட்டினம் பக்கம் என்றால் உப்பளக் காற்று என்பாய் நீ. தரகர் செல்லையா ஒருமுறை பைக்கை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "சிஸ்டர், தண்ணியும் வேணும், தண்ணியால ஒண்ணும் ஆவக் கூடாதுன்னா, நீங்க மெட்ராஸ்ல மூணாவது மாடிதான் வாங்கணும்." ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் நம் கதை. மற்ற நர்ஸுகளுக்கு நாம் பார்த்துக் கொடுத்த மனைகளில் எல்லாம் வீடு எழும்பிவிட்டது.

குடமுருட்டி மனைதான் நம் இருவருக்கும் ஒன்றாகப் பிடித்த ஒரே மனை. கரைக்கு வெளியே, மேட்டில், சுத்தமான பட்டா. ஆறு நிறையத் தண்ணீர். ஆற்றை ஒட்டியது உனக்கு, ரோட்டை ஒட்டியது எனக்கு என்று நின்ற இடத்திலேயே பிரித்துக்கொண்டோம். நீ அப்போதே முன்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தாய்.

நான்தான் தடுத்தேன். ஆவணியில் பார்த்து ஆற்றங்கரை மனையை வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டூர் அணை திறந்த பிறகு எந்த ஆறும் அழகுதான். "சித்திரையில வந்து பாப்போம்டி. மணலாக் கெடக்கும்போதும் புடிச்சிருந்தா வாங்கலாம்" என்றேன். நீ பையை மூடினாய். "சரி, உன் ஆறு. நீ சொன்னா சரி."

கார்த்திகையில் உன் வயிற்றுவலிக்குப் பெயர் தெரிந்தது. தையில் நீ இல்லை. கஞ்சி நான்தான் காய்ச்சினேன், ஆனால் வாடகை வீட்டில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிற அறையில். கடைசி வாரத்தில் "தண்ணி ஓடுதா?" என்று கேட்டாய். எந்த ஆற்றைக் கேட்கிறாய் என்று தெரிந்தும், "ஓடுது" என்று மட்டும் சொன்னேன். அணை மூடப்போகும் மாதம் அது. சித்திரையில் பார்ப்போம் என்று நான் சொன்னது தப்பில்லை, அந்த விதி இன்றும் சரிதான். ஆனாலும் உன் ஐந்து மாதத்தை அந்தச் சரியான விதிக்குக் கொடுத்துவிட்டேன். இதை மன்னித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் போனேன், சொன்னபடி சித்திரையில். ஆறு மணலாகக் கிடந்தது. நாலைந்து ஆடுகள் குறுக்கே நடந்து அக்கரைக்குப் போயின. பிடித்திருந்தது. இரண்டு மனையும் இன்னும் விற்கவில்லை. செல்லையா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த சிஸ்டரோடது வேற ஆளுக்குக் காட்டலாமா?"

என் சேமிப்புக்கு ஒரு மனைதான் முடியும். பருப்பு வேகட்டும், சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெந்துவிட்டது. சற்று முன் செல்லையாவுக்குப் போன் செய்தேன். "ரோட்டோரம் உள்ளத வேற யாருக்காவது காட்டுங்க. எனக்கு ஆத்தோரம் உள்ளது" என்றேன்.

என் மனையில் வீடு கட்டிக்கொண்டு உன் காலி மனையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதற்குப் பதில் உன் இடத்தில் நான் இருந்துகொள்கிறேன். ஆனியில் தண்ணீர் வரும்போது உன் வாசலில் நின்று பார்க்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லையே என்று தோன்றினால், ரோட்டோர மனைக்கு வராமல் போனவள் நான்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.