நாற்பத்து மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் நின்ற என் மச்சான்

அனுப்புநர்:
பேனர், பெயர்ப்பலகை அச்சடிக்கும் கடை உரிமையாளர்,
கடைவீதி, இடது பக்கம் மூன்றாவது கடை
(ஷட்டர் பாதியில் நிற்கும் கடை என்றால் யாரும் காட்டுவார்கள்).

பெறுநர்:
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம்.

பொருள்: சந்திப்புக் கலவரத்தில் நாற்பத்து மூன்று இடங்களில் நின்று கல்லெறியத் தூண்டியதாகக் கேமரா கண்டுபிடித்த பள்ளி வேன் ஓட்டுநரை, வரும் வெள்ளிக்கிழமை தடுப்புக் காவலுக்கு அனுப்புமுன், அந்த நாற்பத்து மூன்று பேரையும் உண்டாக்கிய என்னை விசாரிக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பும், அதனுடன் வந்த நாற்பத்து நான்கு படங்களும்.

மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய ஐயா,

1. இந்த மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் முறை தங்கள் பதவியைத் தப்பாக எழுதினேன். இரண்டாம் முறை டீயைக் கொட்டினேன். மூன்றாம் முறை நடந்ததை அடக்க ஒடுக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். அது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவன் என்று தெருவே என்னைப் பற்றிச் சாட்சி சொல்லும். ஆனால் இந்த மனுவில் எண்களை நான் பெருக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். அந்த வேலையை எனக்கு முன்பே கேமரா செய்து முடித்துவிட்டது.

2. குற்றம் சாட்டப்பட்டவர் என் தங்கையின் கணவர். பதினான்கு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். இருபத்திரண்டு பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு நடுவிலேயே வாழ்ந்து, சொந்தப் பேச்சை மறந்துபோனவர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் உப்பு டப்பாவைப் பார்ப்பார். என் தங்கை புரிந்துகொண்டு எடுத்து வைப்பாள். பூனை குறுக்கே வந்தால் வேனை நிறுத்தி, அது யோசித்து முடிவெடுக்கும்வரை காத்திருப்பார். இப்பேர்ப்பட்டவரைத்தான் "இரு அணிகளையும் பின்னாலிருந்து இயக்கிய மூளை" என்று கேமரா நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்த நிகழ்ச்சியை நாங்கள் குடும்பத்தோடு பார்த்தோம். மூளை எனப்பட்டவர் அப்போது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

3. இந்த மாதம் பதினெட்டாம் தேதி மாலை, ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே சந்திப்பில், ஒரே நேரத்தில் கூட்டம் போட்டன. இரண்டுக்கும் எப்படி அனுமதி கிடைத்தது என்று நான் கேட்கமாட்டேன். நான் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். நாலரை மணிக்கு முதல் கல் பறந்தது. அதன் பிறகு பறக்காத பொருள் இல்லை. நாற்காலி பறந்தது, ஒலிபெருக்கி பறந்தது, செருப்புக்கடையில் இருந்த மொத்தச் செருப்பும் சோடி பிரிந்து பறந்தது. ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்து, தெரு முழுக்கக் கண்ணாடித் தூள் கிடந்தது. அடிபட்டவர்கள் பலர். இதில் மட்டும் எனக்கு விளையாட்டு வரவில்லை.

4. ஆறாம் நாள் அறிவிப்பு வந்தது. சந்திப்பில் புதிதாக மாட்டிய கேமராக்கள் கூட்டத்தில் இருந்த முகங்களை எண்ணியதாகவும், எல்லாரையும்விட அதிகமாக, அதாவது நாற்பத்து மூன்று முறை, அகப்பட்ட முகம் ஒன்றே என்றும், அந்த முகம் பள்ளி வேன் ஓட்டுநர் பட்டியலில் இருக்கும் என் மச்சானின் புகைப்படத்தோடு பொருந்துவதாகவும் அதில் கண்டிருந்தது. அன்றே ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டது. பள்ளி தற்காலிகமாக வேறு ஓட்டுநரை வைத்துக்கொண்டது. ஆளும் கட்சி இவரை எதிர்க்கட்சியின் கூலி என்றது. எதிர்க்கட்சி இவரை ஆளும் கட்சி அனுப்பிய ஆள் என்றது. எனக்கு நினைவு தெரிந்து இரண்டு கட்சிகளும் ஒன்றாகக் கேட்டது என் மச்சானின் கைதை மட்டும்தான்.

5. விசாரணைக்கு நானும் உடன் போனேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கேமரா நிறுவனப் பொறியாளர் ஒருவர் அங்கே இருந்தார். நல்ல பிள்ளை, எனக்கு நாற்காலிகூடக் கொடுத்தார். நான்கு முப்பத்தொன்றுக்குச் சந்திப்பின் வடக்கு முனையில் நீலச் சட்டையிலும், அதே நான்கு முப்பத்தொன்றுக்குத் தெற்கு முனையில் மஞ்சள் சட்டையிலும் இந்த மனிதர் எப்படி நிற்க முடியும் என்று கேட்டேன். சந்தேக நபர் மிக வேகமாக நகர்ந்திருக்கிறார் என்று கணினியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். வேனைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது படங்களில் இடது கையை ஓங்கியிருக்கிறார் என்பதால், ஆய்வாளர் இவரை இடது கையால் கையெழுத்துப் போடச் சொன்னார். கோழி கிளறியதுபோல வந்தது. "பழக்கத்தை மறைக்கிறார்" என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

6. ஐயா, இனி எழுதப்போவது என் வாக்குமூலம். வீட்டுக்கு வந்ததும் என் தங்கை நாற்பத்து நான்கு படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். குனிந்து பார்த்தேன். கடைசி ஒன்றைத் தவிர அத்தனை படத்திலும் அதே வாய், அதே ஓங்கிய கை, அதே பாதி மூடிய கண். ஒன்றில் மச்சான் பன்னிரண்டு அடி உயரம் நின்றார். இன்னொன்றில் தலைவர் ஒருவரின் காதோரமாக, எலுமிச்சம்பழ அளவில் இருந்தார். என் கைவேலையை எனக்குத் தெரியாதா?

7. எங்கள் தொழிலில் "கூட்டம் நிரப்புவது" என்று ஒரு வேலை உண்டு. தலைவர் படம் கட்சியிலிருந்து வந்துவிடும். அவருக்குப் பின்னால் ஆர்ப்பரிக்கும் தொண்டர்களை நாங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். உண்மையான கூட்டத்தைப் படம் எடுத்தால் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஆகவே நல்ல முகமாக நாலைந்து வைத்துக்கொண்டு, ஒட்டி, பெரிதாக்கி, சிறிதாக்கி, இடம் வலம் திருப்பி, சட்டைக்கு நிறம் மாற்றி லட்சம் பேர் ஆக்கிவிடுவோம். ஊரில் இந்தத் தொழில் செய்கிற எல்லாரும் செய்வதுதான். நான் மற்றவர்களைவிடச் சோம்பேறி. எனக்கு ஒரே முகம் போதுமானதாக இருந்தது.

8. அந்த முகம் கிடைத்த விதமும் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், என் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மச்சான் எட்டி, கையை ஓங்கி அதைப் பிடித்து இழுத்தார். அவர் வாழ்நாளில் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். "இதுக்கு எண்ணெய் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது மச்சான்" என்று கத்தினார். அந்த நொடியில் விளையாட்டுக்கு ஒரு படம் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால், என்ன ஆவேசம், என்ன இலட்சிய வெறி. ஆளும் கட்சிக்கு நீலச் சட்டை போட்டேன், எதிர்க்கட்சிக்கு மஞ்சள். கலவரம் நடந்த சந்திப்பில் தொங்கிய பேனர்கள் பதினொன்று. பதினொன்றும் என் கடைச் சரக்கு. அவற்றில் இருக்கும் மச்சான்களை நேற்றுக் காலை ஏணி வைத்து ஏறி எண்ணினேன். நாற்பத்து மூன்று.

9. ஐயத்துக்கு இடமின்றி ஒரு சான்று. என் மச்சானுக்கு வலது கன்னத்தில் மச்சம் உண்டு. நான் படத்தைத் திருப்பி ஒட்டிய பத்தொன்பது இடங்களிலும் மச்சம் இடது கன்னத்துக்குத் தாவியிருக்கும். இடது கையை ஓங்கிய பத்தொன்பது பேரும் அவர்களே. ஷட்டருக்கு இன்றுவரை எண்ணெய் போடவில்லை. தேவைப்பட்டால் அதையும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

10. இத்தோடு மனுவை முடித்திருந்தால் என் மச்சான் தப்பித்திருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் படங்கள் நாற்பத்து நான்கு. கடைசிப் படத்தின் மேல் "அடையாளம் தெரியாத நபர், தேவையில்லை" என்று அச்சிட்டிருந்தது. அதில் ஓர் ஆள் முகம் தெரியாமல் குனிந்து, யாரையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு வேனின் கதவு திறந்திருக்கிறது. நாற்பத்து மூன்று மச்சான்களையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, என் தங்கை இந்த ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே, அதெல்லாம் அவர் இல்ல. இதுதான் அவர். இந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

சட்டைக் காலருக்குக் கீழே அவள் போட்ட ஒட்டுத் தையலை விரல் வைத்துக் காட்டினாள்.

11. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து நடந்ததை வாங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அன்று எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வெறும் வேனில் திரும்பியிருக்கிறார். சந்திப்பில் மாட்டிக்கொண்டார். சாலை ஓரத்தில் தலையில் அடிபட்ட காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்து மறுபடி சரிந்தார். இவர் இறங்கித் தூக்கினார். திரும்பினால் நீலத் துண்டு போட்ட ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவரையும் ஏற்றினார். மஞ்சள் துண்டு போட்ட ஒருவர் தானாகவே ஏறிக்கொண்டார். வழி முழுக்க நீலமும் மஞ்சளும் யார் முதல் கல்லை எறிந்தது என்று சண்டை. மச்சான் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, "சீட்டுல ஒழுங்கா உக்காருங்க" என்றாராம். உட்கார்ந்தார்களாம். மருத்துவமனை வாசலில் மூவரையும் இறக்கிவிட்டு, பெயர் சொல்லாமல் வந்துவிட்டார்.

12. விசாரணையில் "நான் அங்கே இல்லை" என்று அவர் சொன்னது பொய். அந்தப் பொய்யை இங்கே நானே ஒப்புக்கொள்கிறேன். பள்ளி வேனில் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது பள்ளியின் விதி. மீறினால் வேலை போகும். அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே இரத்தம் பட்ட இருக்கை உறைகளைத் தானே கழற்றித் துவைத்திருக்கிறார். உறை துவைக்கிற பழக்கமே இல்லாத மனுஷன் ஏன் துவைக்கிறார் என்று என் தங்கைக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. அவர் அங்கே இருந்தார் என்று நான் இப்போது எழுதித் தருவது அவருக்கு எதிராகவே திரும்பலாம் என்பதும் எனக்குத் தெரியும். தங்கையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் சொன்னது: இல்லாத நாற்பத்து மூன்று இடத்துக்காக அவரை உள்ளே வைக்கிறதைவிட, இருந்த ஒரு இடத்துக்காக வைக்கட்டும்.

13. ஆகவே, தங்களிடம் அவசரமாகவும் பணிவாகவும் வேண்டுவன:

அ) வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைக் காவலுக்கு அனுப்புமுன், ஒன்பது மணிக்குத் தாங்கள் சந்திப்புக்கு வர வேண்டும். பதினொரு பேனர்களையும் தங்கள் முன்னிலையில் நானே இறக்குகிறேன். பிறகு அதே கேமராவை ஓடவிட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு மச்சான் மிஞ்சினாலும் அவருக்குப் பதில் நான் உள்ளே போகிறேன். பேனரை இறக்கக் கட்சிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. தங்கள் சொல் இருந்தால் சம்மதிப்பார்கள்.

ஆ) அவரது உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். வேனில் அடிபட்டவர்களை ஏற்றியதற்காக அவரை நீக்க வேண்டாம் என்று பள்ளிக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

இ) கேமரா நிறுவனத் தலைவர் எந்தத் தொலைக்காட்சியில் "மூளை" என்றாரோ, அதே தொலைக்காட்சியில், அதே நேரத்தில், அதே கோட்டுடன் வந்து, தன் கேமரா பேனரையும் மனிதனையும் பிரித்தறியாது என்று சொல்ல வேண்டும். நாங்கள் பட்டாணியோடு காத்திருப்போம்.

ஈ) இல்லாத கூட்டத்தை உண்டாக்கியதற்கு எனக்கு என்ன தண்டனையோ அதைத் தர வேண்டும். மச்சானின் முகத்தைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். இனி கூட்டம் வேண்டுமென்றால் கட்சிகள் கூட்டிக்கொள்ளட்டும்.

14. இன்னொன்று. இது என் மச்சான் கேட்டது. மனுவில் என்ன எழுத வேண்டும் என்று இரண்டு நாள் அவரிடம் கெஞ்சிக் கேட்டதில், உரிமத்தைப் பற்றியோ காவலைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காவலர் எழுந்து நடமாடுகிறாரா என்று மட்டும் கேட்கச் சொன்னார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தொப்பி வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதன் உள்பக்கம் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு தாங்கள் ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதற்குக் கேமரா தேவைப்படாது.

தேதி: கலவரம் நடந்து பதினோராம் நாள்
இடம்: பாதி மூடிய ஷட்டருக்கு உள்ளே

இங்ஙனம்,
அந்த நாற்பத்து மூன்று முகங்களையும் ஒட்டிய ஒரே கை
(கையொப்பம்)

இணைப்பு:
ஷட்டரை இழுக்கும் மச்சானின் மூலப்படம், ஒன்று.
பதினொரு பேனர்களின் அச்சுப் பிரதி, மச்சான்களுக்கு வட்டம் போட்டது.
நாற்பத்து நான்காவது படம், ஒட்டுத் தையலுக்கு அம்புக்குறி போட்டது.
காவலர் தொப்பி, ஒன்று. இருக்கை உறைகளைத் துவைத்தவர் இதைத் துவைக்கவில்லை, கண்ணில் பட்டிருக்காது. கிடைத்தபடியே அனுப்புகிறோம்.