எல்லாப் போனிலும் பேசுமா?

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. பால் வரவில்லை.

கம்ப்யூட்டர் தெரியாததால்தான் புதுச் செயலியை எதிர்க்கிறேன் என்று அறக்கட்டளையில் பேச்சாம். தவறு. ஓய்வு பெறும்வரை வங்கியில் புரோகிராம் எழுதியவள் நான். எதிர்க்கவும் இல்லை. கேட்டது ஒரே கேள்வி: பார்வையற்ற நம் மாணவர்களின் எல்லாப் போனிலும் இது வேலை செய்யுமா?

என் கணவர் இருந்தபோது அவரும் நானும் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தொடங்கிய வேலை. பதிவுகள் இப்போது பழைய இணையதளத்தில். வெள்ளிக்கிழமை செயலி நிறுவனத்தோடு ஒப்பந்தம். அன்றே பழையதை மூடிவிடுவார்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் என் மைத்துனன் ரா. போனில் சொன்னான்: "ஒரு தடவை எழுதினாப் போறும் மன்னி, எல்லா போன்லயும் ஓடும். அவா ஃப்ரேம்வொர்க்கே அதுக்குத்தான்." செயலியைக் கட்ட அவர்கள் பயன்படுத்தும் கருவித்தொகுப்பைச் சொல்கிறான்.

"ஓடறதுன்னா என்ன?"

"ஆரம்பிச்சுட்டேளா!"

நவம்பர் 4, செவ்வாய்

எங்கள் மாணவி ஸலீமா வந்தாள். சிந்தாதிரிப்பேட்டை, பி.ஏ. வரலாறு. பிறவியிலேயே பார்வை இல்லை. தலையெல்லாம் ஈரம், போன் மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரம். திரையில் எங்கே விரல் வைத்தாலும் அங்கிருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு எல்லாம்.

சோதனைக்கென்று வந்திருந்த புதுச் செயலியைத் தொட்டாள். "பட்டன்." விரலை நகர்த்தினாள். "பட்டன்." எது பாடம், எது நிறுத்த, ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா ஆண்ட்டி, தையல்கடை மாதிரி பட்டன் பட்டன்னு கத்திக்கினு கீது!"

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள். "அடுத்த வாரம் பரீட்சை. பழசை மூடிட்டா எத்தை கேட்டுப் படிப்பேன்?"

வாங்க: காபிப் பொடி, பல்பு, கண் சொட்டு மருந்து.

நவம்பர் 5, புதன்

ரா.வுடன் தி.நகர், அந்த நிறுவனத்தின் அலுவலகம். படியெல்லாம் சேறு. மேலாளர் வாசலுக்கே வந்தார். மேஜையில் வரிசையாகப் போன்கள், எல்லாவற்றிலும் ஒரே திரை.

"பாருங்க மேடம், அச்சு அசல் ஒண்ணுதான்."

பார்த்தேன். அவர்களும் இத்தனை நாளாகப் பார்த்துத்தான் சோதித்திருக்கிறார்கள். பார்வையற்றோருக்கான செயலியை!

"பேச வையுங்கோ" என்றேன். அவருடைய ஐபோன் பேசியது. பாடத்தின் பெயர், ஆசிரியர் பெயர், எல்லாம் தெளிவாக.

"பாத்தேளா மன்னி?" ரா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஸலீமாவுடையது போன்ற மலிவு ஆண்ட்ராய்டு ஒன்றை மேஜையிலிருந்து எடுத்து நீட்டினேன். பேச்சை இயக்கினார். அதன் பிறகு எதைத் தொட்டாலும் திறக்கவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு மேடம்."

"ஆகலை. பேச்சு ஓடறச்சே ரெண்டு தடவை தட்டணும்."

தட்டினார். திறந்தது. பட்டன். பட்டன். பட்டன்.

"அது போனோட பிரச்சினை."

"எங்க மாணவி ஸலீமாவோட இதே மாதிரி போன்ல வங்கிச் செயலி பேசறதே?"

போனை மேஜையில் வைத்தார். பிறகு அவரே: "ஃப்ரேம்வொர்க் பட்டனைப் படமா வரையுது மேடம். அதோட பேரை ஐபோனுக்கு மட்டும்தான் சொல்லுது. ஆண்ட்ராய்டுக்கு அடுத்த வெர்ஷன்ல வந்துரும்."

"எப்போ?"

"தேதி சொல்ல முடியாது."

திரும்பும்போது ஆட்டோவில் ரா.: "வாக்கு குடுத்துட்டேன் மன்னி. பின்னால சரி பண்ணிண்டா ஆச்சு."

"நம்ம பசங்கள்ல யார் ஐபோன் வச்சுண்டிருக்கா, சொல்லு."

மழையைப் பார்த்துக்கொண்டு வந்தான். லஸ் முனை தாண்டியதும்: "அண்ணா இருந்தா இவ்வளவு பிடிவாதம் பிடிச்சிருக்க மாட்டார்."

வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

காலையில் ஸலீமா போனில்: "பழசை இன்னும் மூடலியே ஆண்ட்டி?"

"இல்லை."

"அதான் வேகமா வச்சி கேட்டுக்கினு கீறேன். நாலாம் பாடத்துல அங்கிள் இருமுறாருல்ல, அதுவரைக்கும் முடிச்சிட்டேன்."

அந்த இருமலை வெட்டிவிடச் சொல்லி அவரோடு சண்டை போட்டவள் நான்.

ரா.விடம் வாயால் சொன்னால், கேட்டதாக நினைவில்லை என்பான். எழுதி, அறக்கட்டளைக் குழு உறுப்பினர் அனைவருக்கும் நகலுடன் அனுப்பினேன். அனுப்பியது:

"ஸலீமாவின் போனில் ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொல்லுமா? சொல்லும்வரை பழைய தளம் திறந்திருக்குமா? நாளை கையெழுத்திடும் முன் எழுத்தில் பதில் தரவும்."